நீர்கொழும்புப் பல்சர் நானுஓயாவுக்கு வந்தால்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2014இல் பதிவான பல்சர் 150 மோட்டார் சைக்கிள் ஒன்றை நீர்கொழும்பில் ஒருவரிடம் வாங்கியிருக்கிறீர்கள். மீட்டரில் 52,000 கிலோமீற்றர். அங்கே ஓட்டிப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. நானுஓயாவுக்கு மேலே உங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த மறுநாளிலிருந்து காலையில் கிளம்ப அடம் பிடிக்கிறது, கறுப்புப் புகை விடுகிறது, பெற்றோல் மணக்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது. ஒரு கராஜில் காட்டினீர்கள். பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எஞ்சினை இப்போதைக்கு யாரும் பிரிக்க வேண்டாம். அந்தப் புகைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். ஏற்றத்தில் திணறுவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். இறக்கத்தில் எப்படி நிற்கிறது என்று ஒரு சொல்லும் இல்லையே? நம் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் வண்டி பார்க்கிறார்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் முறுக்கிப் பார்ப்பார்கள், இழுத்தால் நல்ல வண்டி என்று காசைக் கொடுத்துவிடுவார்கள். ஏறாத வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். மலைநாட்டில் ஒரு பழைய வண்டியை அறிந்துகொள்வது என்றால் முதலில் அது எப்படி இறங்குகிறது என்று அறிவதுதான். ஆகவே பிரேக், டயர், திசைதிருப்பும் கழுத்து ஆகியவற்றைப் பார்த்து முடிக்கும் வரை எஞ்சினை மறந்துவிடுங்கள்.

உங்கள் இடத்திலிருந்து தலவாக்கலைக்குப் போக ரதல்ல குறுக்குப் பாதையைத்தான் பிடிப்பீர்கள். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த இறக்கத்தின் குணம் எனக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். இளவயதில் ஒரு பழைய ஹொண்டா சிடி 125 வைத்திருந்தேன். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ பின்பிரேக்கை மிதித்தால் கால் கீழே போகிறது, வண்டி போகிற வேகத்தில் போகிறது. பிரேக் டிரம் சூடேறிக் கட்டைகள் பிடிப்பை இழந்திருந்தன. தேயிலைச் செடிகள் ஏந்திக்கொண்டதால் இன்று உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று மிச்சம் பிடித்த பெற்றோல் ஒரு தேநீர்க் கோப்பையை நிரப்பியிருக்காது. எக்சிலரேட்டரை முழுவதும் மூடி, கியரில் இறங்கும்போது கார்புரேட்டர் எஞ்சினுக்குக் கொடுக்கும் பெற்றோல் மிகச் சொற்பம். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். பிரேக் வளைவுக்கு முன் கொஞ்சம் தொட்டுக்கொள்ளத்தான்.

உங்கள் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் கண்ணாடியைப் பாருங்கள். இளமஞ்சளாகத் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்த தேநீர் நிறமாக இருந்தால், இவ்வளவு காலமும் யாரும் அதை மாற்றவில்லை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சூடாகும்போது உறிஞ்சிய நீர் ஆவியாகிக் குழாய்க்குள் குமிழியாகும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், பிரேக் பிடிக்காது. நெம்புகோல் கைப்பிடி வரைக்கும் வெறுமையாக வந்துவிடும். நீர்கொழும்பின் சமதரையில் பத்து வருடம் ஓடினாலும் வெளிக்குத் தெரியாத இந்தக் குறை, நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வரை ஒருமுறை இறங்கினால் தெரிந்துவிடும். டொட் 4 (DOT 4) வகை எண்ணெயை முத்திரை உடைக்காத போத்தலில் வாங்கி முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக் நெம்புகோலை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக முப்பது எண்ணுங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் நெம்புகோலுக்குப் பக்கத்திலுள்ள பிரேக் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. கடற்கரை வண்டி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உப்புக் காற்று பட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே நின்றால் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் இட வேண்டும்.

பின் டிரம்முக்கு வெளியே பிரேக் கம்பி இழுக்கும் கையில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். மிதிக்கும்போது அது அடையாளத்தின் எல்லையைத் தாண்டினால் உள்ளே கட்டைகள் முடிந்துவிட்டன. கம்பியின் நட்டை இறுக்கிக்கொண்டே போவது இதற்கு வைத்தியமாகாது. மழைக்காலத்தில் ஓடையாக ஓடும் தோட்டப் பாதையைக் கடந்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை விரட்டுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ எவ்வளவு மீதமிருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரை நனைந்த பாதையில் நான் நம்பமாட்டேன். ரப்பர் இறுகிப் பிடிப்பு போயிருக்கும். காற்று முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28, இருவர் ஏறினால் 32. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வீட்டருகிலேயே அளந்து பாருங்கள். கீழே நிரப்பிய காற்றின் கணக்கு மேலே செல்லாது. குளிரில் டயருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானி கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டலாம், கட்டாமலும் விடலாம்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றால் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. கல் பதித்த தோட்டப் பாதைகளில் முதலில் சாவது இதுதான். உங்கள் வண்டி அங்கே தார்ப் பாதையில் ஓடியிருப்பதால் இப்போது நன்றாகவே இருக்கலாம். ஆறு மாதம் கழித்தும் பாருங்கள்.

இப்போது கறுப்புப் புகை. நானுஓயா ரயில் நிலையமே கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. நீங்கள் அதற்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் நீர்கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். எஞ்சின் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுக்கும் காற்று மெலிந்துவிட்டது, கார்புரேட்டர் விடும் பெற்றோல் அந்த அளவுக்குக் குறையவில்லை. அரிசியைக் குறைத்துவிட்டு உலைநீரைப் பழைய அளவிலேயே வைத்தது போல. எரியாத பெற்றோல் கறுப்புப் புகையாகவும் நாற்றமாகவும் வெளியேறுகிறது. பல்சரில் உள்ள வகைக் கார்புரேட்டர் உயரத்துக்கு ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும், முழுவதும் செய்யாது. அதோடு எயார் ஃபில்டரும் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அந்தக் கராஜில் இருந்தவர் புகையின் நிறத்தைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ரிங் தேய்ந்து ஒயில் எரிந்தால் புகை நீலமாக வரும், ஒயில் மட்டம் வாரத்துக்கு வாரம் குறையும். கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது. விடியற்காலையில் வெள்ளையாக வந்து சூடேறியதும் மறைவது வெறும் நீராவி. நம் குளிரில் மாடு மூச்சுவிட்டாலும் அப்படித்தான் வரும். எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் முதலில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கும் கருவி இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒன்றைச் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் குணமானது என்று கடைசி வரை தெரியாது. முதலில் எயார் ஃபில்டர். அடுத்து, குளிரில் கிளம்புவதற்காகப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக். அதன் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் நாள் முழுவதும் சோக் போட்டு ஓட்டுவதற்குச் சமம், கடற்கரை வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். பிறகு பிளக். கவனியுங்கள், இந்த எஞ்சினில் இரண்டு பிளக் உண்டு. கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் வருடாவருடம் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமலே விட்ட வண்டிகள் என்னிடம் எத்தனையோ வந்திருக்கின்றன. இரண்டையும் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று குறித்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். எண்ணெய்ப் பசையாக இருந்தால்தான் ரிங், வால்வு சீல் என்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு புகை நிற்காவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மெல்லோட்டக் கலவைத் திருகைச் சரிசெய்ய வேண்டும். டாங்கியின் உட்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்காக நிறுத்திவைத்த வண்டிகள் பலவற்றில் டாங்கி உள்ளே துருப்பிடித்தது. அந்தத் துகள் இன்றும் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிலர் கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையான ஜெட்டில் பெரியதைக் கழற்றிச் சிறியதைப் போடச் சொல்வார்கள். மேலேயே இருக்கிற வண்டிக்கு அது சரியான வைத்தியம். நீங்களோ வேலைக்காக மாதம் இருமுறை நீர்கொழும்புக்கு இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். சிறிய ஜெட்டோடு கடல்மட்டத்துக்குப் போய் வேகமாக ஓட்டினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் காய்ந்து சூடேறும்; அப்போது உண்மையாகவே பிஸ்டன் போகும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜெட்டைத் தொடமாட்டேன், கலவைத் திருகோடு நிறுத்திக்கொள்வேன்.

இதெல்லாம் சரியான பிறகும் நீர்கொழும்பில் இருந்த இழுவை இங்கே இருக்காது. ஆயிரம் மீற்றர் ஏறினால் எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று போய்விடும். எந்த மெக்கானிக்காலும் காற்றை விலைக்கு வாங்கித் தர முடியாது. ஒரு கியர் குறைத்து ஏறப் பழகுங்கள். ஏறும்போது எஞ்சின் மட்டும் உறுமி வேகம் கூடாவிட்டால் அது வேறு நோய், கிளட்ச் வழுக்குகிறது.

ஒயிலை உடனே மாற்றிவிடுங்கள். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அளவுக் குச்சியை அல்லது மூடியை முகர்ந்தால் பெற்றோல் மணக்கும். புகையைச் சரிசெய்த பிறகு இன்னொருமுறை மாற்றுங்கள். செலவுதான், ஆனால் எஞ்சின் வேலையை விட மலிவு. 20டபிள்யூ-50 (20W-50) ஒயில், போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்க வேண்டும். காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலை யாராவது அன்பாகக் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். மோட்டார் சைக்கிளில் கிளட்ச்சும் அதே ஒயிலில்தான் குளிக்கிறது. கார் ஒயில் சிலவற்றில் உள்ள வழுக்கு மருந்து கிளட்ச்சைப் பிடிக்க விடாது. தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி எதுவாக இருந்தாலும், முதல் கியரிலும் இரண்டாவதிலும் நாளைக் கழிக்கும் நம் வண்டிகளுக்கு 3,000 கிலோமீற்றருக்கு மேல் நான் விடுவதில்லை.

செயினைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். வண்டியில் இருந்து வடித்த கறுப்பு ஒயிலையே செயினுக்கு ஊற்றும் பழக்கம் நம் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. அந்த ஒயிலில் உலோகத் தூளும் கரியும் இருக்கின்றன. மணலும் ஒட்டிக்கொண்டால் அது அரம்போல் செயினைத் தேய்க்கும். மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையும் எடுத்துச் செயினைக் கழுவித் துடைத்து, கெட்டியான 90 கியர் ஒயிலை உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துணியால் துடையுங்கள். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை. பதுளைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் இதே கதை. தளர்வைப் பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே பாருங்கள். அங்கே இரண்டரை முதல் மூன்றரை சென்ரிமீற்றர் வரை ஆட வேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் புதிதாகப் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பற்றரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ற் அளவும், எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் காட்ட வேண்டும். ஆசனத்தின் கீழே வயர் இணைப்புகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், உப்புக் காற்றின் வேலை அது. அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் இடங்களில் சக்கர நடுவுக்கும் வயர்களுக்கும் நேராக அடிக்க விடாதீர்கள். கிளட்ச் கம்பி ஒன்றைப் புதிதாக வாங்கி ஆசனத்தின் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுவது எப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில்தான்.

மீட்டர் காட்டும் 52,000 மெய்யா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டரை விட்டுவிட்டுக் கால் வைக்கும் ரப்பரையும் கியர் மிதியையும் கைப்பிடியையும் பாருங்கள். ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால், இடையில் மீட்டர் வேலை செய்யாமல் கிடந்திருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில் திறக்கும் வரை, புதிய வண்டி இல்லாததால் எல்லோரும் பழையதையே ஓட்டித் தேய்த்தார்கள். எண் கூடியிருந்தாலும் கவலைப்படாதீர்கள். பராமரித்த 80,000 பராமரிக்காத 40,000த்தை விட மேல்.

பத்திர வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா, அதில் ஏதாவது லீசிங் நிறுவனம் முழு உரிமையாளராக இன்னும் பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். விற்றவர் வெளிநாடு போனாலோ இறந்தாலோ அப்போது அலைச்சல் தெரியும். உரிமையையும் காப்புறுதியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும் அல்லவா, கறுப்புப் புகையோடு அங்கே போகாதீர்கள். கலவையைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் இன்றைய மீட்டர் எண்ணை எழுதுங்கள். எப்போது என்ன மாற்றினீர்கள், எவ்வளவு பெற்றோல் அடித்தீர்கள், புதிதாக என்ன சத்தம் கேட்டது என்று ஒவ்வொரு வரி போதும். டாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பும்போது கணக்குப் பாருங்கள். எஞ்சினுக்கு ஏதாவது ஆவதற்கு முன் அந்தக் கணக்குதான் முதலில் ஆடும். கராஜில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நல்ல வேலைக்காரர் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுவார்.

மழை இல்லாத ஒரு ஞாயிறு காலையில் பிரேக் எண்ணெய் மாற்றிய பிறகு, ரதல்ல வேண்டாம், உங்கள் தோட்டத்துக்குள் உள்ள சிறிய இறக்கம் ஒன்றில் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கிப் பாருங்கள். முன்பிரேக்கை மட்டும், பின்பிரேக்கை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து. ஒருபக்கமாக இழுக்கிறதா, கைப்பிடி நடுங்குகிறதா என்று கொப்பியில் எழுதுங்கள். பிளக் இரண்டின் நிறத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டும் ஒரேமாதிரிக் கறுப்பு என்றால் மேலே சொன்னது போதும். ஒன்று பழுப்பாகவும் மற்றது நனைந்தும் இருந்தால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். நனைந்த பக்கத்து பிளக்கையும் அதற்குப் போகும் வயரையும், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயிலையும்தான் பார்க்க வேண்டும்.